ஒரு பள்ளியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆசிரியரை உருவாக்குவது எப்படி?

நான் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது எடுத்த மூன்றாவது கணக்கு வகுப்பின் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் வழிகாட்டி ஆசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதியது. அதில் பாராட்டும் கிடையாது, குறையும் கிடையாது. இடது பக்கம் நேரம், வலது பக்கம் அந்த நேரத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

10.12 – கேள்வி. 1 விநாடி. தானே பதில்.
10.14 – கேள்வி. 1 விநாடி. முதல் வரிசைப் பையன் பதில்.
10.17 – "புரியுதா?" எல்லோரும்: "புரியுது."
10.19 – மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம். நோட்டில்: (3 + 4)² = 9 + 16 = 25.

கடைசி வரியைப் பாருங்கள். 3-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 7, அதன் வர்க்கம் 49. அந்தப் பெண் இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி 25 என்று எழுதியிருக்கிறாள். அதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் நான் "புரியுதா?" என்று கேட்டு, "புரியுது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போயிருந்தேன். கரும்பலகை பக்கம் நின்ற எனக்கு அவள் நோட்டு தெரியவில்லை. நடுவில் சத்தமில்லாமல் எழுந்து வரிசைகளுக்கிடையே நடந்தவருக்குத் தெரிந்தது.

ஓர் உயர்நிலைப் பள்ளியும் ஒரு பல்கலைக்கழகமும் ஆசிரியர் பயிற்சிக்காகக் கைகோர்க்கின்றன என்றால் என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், இந்தத் தாளிலிருந்துதான் நான் தொடங்குவேன். புரிந்துணர்வு ஒப்பந்தம், கையெழுத்து, சான்றிதழ் எல்லாம் இருக்கும். அவை எல்லாமே இப்படி ஒரு தாள் எழுதப்படுவதற்கும், அன்று மாலை அதை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவதற்கும் செய்யப்படும் ஏற்பாடுகள்.

அனுப்பி வைப்பதும் கூட்டாகப் பயிற்றுவிப்பதும்

ஆசிரியராக விரும்புகிறவர் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். தன் பாடத்தையும், வளரிளம் பருவத்தினரின் உளவியலையும், கற்பித்தல் முறைகளையும், மதிப்பீட்டையும் படிக்கிறார். ஆனால் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளின் முன்னால் நிற்பது என்பதை விரிவுரை அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. அதனால் பல்கலைக்கழகம் அவரைச் சில வாரங்கள் பள்ளிக்கு அனுப்புகிறது. கற்பித்தல் பயிற்சி, இன்டர்ன்ஷிப், டீச்சிங் பிராக்டிஸ் என்று இதற்குப் பல பெயர்கள். இந்தியாவின் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1992இல் வந்த விதி, உயர்நிலை வகுப்பு ஆசிரியராவதற்கான ஓராண்டுப் படிப்பின் 36 வாரங்களில் 24 வாரங்கள் பள்ளியிலேயே கழிய வேண்டும் என்றது.

பள்ளிக்குப் போவது மட்டும் கூட்டுப் பயிற்சி ஆகிவிடாது. பல இடங்களில் நடப்பது இதுதான்: பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வரும், தலைமை ஆசிரியர் சரி என்பார், பயிற்சி ஆசிரியர்கள் வந்து இறங்குவார்கள். யார் வருகிறார்கள், எதற்குத் தயாராகி வருகிறார்கள் என்று வகுப்பு ஆசிரியருக்குத் தெரியாது. பள்ளி ஓர் அறையையும் சில பாடவேளைகளையும் இரவல் கொடுக்கிறது. கடைசி வாரம் பேராசிரியர் ஒருவர் வந்து ஒரு வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறார்.

கூட்டுப் பயிற்சியில் பள்ளி இரவல் கொடுப்பதோடு நிற்காது, பயிற்றுவிக்கும் பொறுப்பில் பாதியை ஏற்கும். எந்த மாதத்தில் எந்தத் திறனை எடுத்துக்கொள்வது, எத்தனை பேரை ஏற்பது, யாரை யாரிடம் விடுவது, ஒருவர் தேறினாரா இல்லையா என்பதெல்லாம் இரண்டு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்யும் விஷயங்கள். வழிகாட்டி ஆசிரியருக்கும் மதிப்பீட்டில் வாக்கு உண்டு. பேராசிரியருக்கும் பள்ளியில் ஒரு நாற்காலி உண்டு. அது விருந்தினர் நாற்காலியாக இருக்கக் கூடாது.

இதில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கற்றுக்கொள்ள வந்திருக்கும் பயிற்சி ஆசிரியர், அவரைத் தன் வகுப்புக்குள் அனுமதிக்கும் வழிகாட்டி ஆசிரியர், பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேராசிரியர். கால அட்டவணையையும் கடிதப் போக்குவரத்தையும் கவனிக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். தலைமை ஆசிரியரின் ஆதரவு இல்லாமல் எதுவும் நகராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை?

ஆசிரியர் பயிற்சிக்கென்று பள்ளி ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்பது பழைய எண்ணம்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில் 1839இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கூடத்தோடு ஒரு மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. 1896இல் தத்துவவாதி ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கல்வியைப் பற்றிய கருத்துகளை உண்மையான குழந்தைகளோடு சோதித்துப் பார்க்கும் ஆய்வகமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால்தான் அதற்கு ஆய்வகப் பள்ளி என்ற பெயரே வந்தது.

இப்படிப் பல்கலைக்கழகத்தோடு ஒட்டியே இருக்கும் பள்ளி இன்றும் சில நாடுகளில் உண்டு. பின்லாந்தில் பல்கலைக்கழகங்களே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கும் பாடம் எடுப்பார்கள், ஆசிரியராகப் போகிறவர்களையும் வழிநடத்துவார்கள். இரண்டுமே அவர்கள் வேலை. ஜப்பானிலும் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பள்ளிகள் உண்டு.

ஆனால் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் சொந்தப் பள்ளி இருக்காது. இருந்தாலும் அங்கே கிடைக்கும் வகுப்பும், வேலை கிடைத்துப் போகும் பள்ளியின் வகுப்பும் ஒன்றுபோல இருக்காது. ஆகவே சாதாரணப் பள்ளிகளோடு நீண்டகால உறவு வைத்துக்கொள்வது என்ற வழி 1980களில் வலுப்பெற்றது. 1987இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளோடு சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி ஆசிரியர்கள் ஆண்டின் பெரும்பகுதி ஒரே பள்ளியோடு இணைந்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் பேசியதைப் பள்ளியில் சோதிப்பார்கள், பள்ளியில் பார்த்ததைப் பல்கலைக்கழகத்தில் கேள்விக்கு உட்படுத்துவார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹோம்ஸ் குழு என்ற பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, மருத்துவக் கல்லூரிக்குப் போதனா மருத்துவமனை இருப்பதுபோல ஆசிரியர் கல்விக்குத் தொழில்முறை வளர்ச்சிப் பள்ளிகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கிற மருத்துவரே மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார். அதையே வகுப்பறைக்குக் கொண்டுவருவதுதான் இந்த எண்ணம். 2003இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய ‘டீச்சர் ரெசிடென்சி’ திட்டம் போன்றவை இந்த ஒப்புமையைப் பெயரிலேயே எடுத்துக்கொண்டன. மருத்துவர்கள் உறைவிடப் பயிற்சி செய்வதுபோல, ஆசிரியராகப் போகிறவர் ஓர் ஆண்டு முழுக்க ஓர் அனுபவசாலியின் வகுப்பில் இருப்பார்.

ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு

ஆசிரியப் பயிற்சியில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. மருத்துவம் படிக்க வருகிறவர் அறுவை சிகிச்சை அறையை முன்பு பார்த்திருக்க மாட்டார். ஆசிரியராக வருகிறவரோ பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தவர். அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975இல் இதைக் கணக்குப் போட்டார். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒரு மாணவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு கழித்திருப்பார் என்றார்.

அவ்வளவு நேரமும் அவர் பார்த்தது மேடையின் முன்பக்கத்தை மட்டும்தான். ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியை அந்தப் பையனிடம் கேட்டார், ஏன் நடுவில் பாடத்தை நிறுத்திவிட்டு வேறு எடுத்துக்காட்டுக்குப் போனார், முந்தின நாள் இரவு எதை யோசித்துவிட்டு வந்தார் என்பதெல்லாம் மாணவர் கண்ணில் படாது. ஆகவே நாம் ஆசிரியரானதும் நமக்குப் பிடித்த ஆசிரியர் எப்படிப் பேசினாரோ அப்படிப் பேசிப் பார்க்கிறோம். அந்தக் குரலுக்குப் பின்னாலிருந்த முடிவுகள் நமக்குக் கிடைப்பதில்லை. நானும் அப்படித்தான் போய் நின்றேன். "புரியுதா?" என்ற கேள்விகூட என் பழைய கணக்கு ஆசிரியரிடமிருந்து வந்ததுதான்.

இதைப் பல்கலைக்கழகம் மட்டும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அங்கே பிள்ளைகள் இல்லை. பள்ளி மட்டும் சரிசெய்வதும் கஷ்டம். நல்ல ஆசிரியர்களுக்குத் தாங்கள் செய்வது கைப்பழக்கமாகிவிட்டிருக்கும். "அங்க ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால் "அப்படித்தான் தோணுச்சு" என்பார்கள். அந்தத் தோன்றலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நோண்டிக் கேட்க ஒருவர் வேண்டும். பேராசிரியரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஆண்டு எப்படி ஓடும்?

இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் பொதுவான ஓட்டம் ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகும் முன்பே பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. ஐந்து பத்து நிமிடப் பாடம், ஒரு சிறு குழு, ஒரே ஒரு திறன். கேள்வி கேட்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். எடுப்போம், கருத்துக் கேட்போம், திரும்ப எடுப்போம்.

பள்ளியில் முதல் சில வாரங்கள் உற்றுநோக்கல். இந்தக் கட்டத்தைப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. வெறுமனே உட்கார்ந்து பார்த்தால் அது இன்னொரு 20 மணி நேரத்தை அந்த 13,000த்தோடு சேர்ப்பதுதான். எதைப் பார்ப்பது என்று சொல்லி அனுப்ப வேண்டும். இன்று ஒரே ஒரு மாணவனை மட்டும் பாடவேளை முழுக்கப் பாருங்கள், அவன் எத்தனை முறை பேசினான், எப்போது கவனம் போனது என்று குறியுங்கள் என்று என் பேராசிரியர் சொன்னார். அந்தப் பையன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்போ நன்றாகக் கலகலப்பாகத்தான் நடந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு கைமாறும். முதலில் வருகைப் பதிவு, பிறகு ஒரு குழுவுக்கு மட்டும் உதவி, பிறகு பாடத்தின் முதல் பத்து நிமிடம், அதன்பின் வழிகாட்டியோடு சேர்ந்து முழுப் பாடம், கடைசியில் தனியாக. பாடக்குறிப்பு எழுதி முன்கூட்டியே காட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப்போய், பள்ளியில் சந்தித்ததை மற்றவர்களோடு பேசும் ஏற்பாடு இருந்தால் நல்லது. வேறு பள்ளிக்குப் போன நண்பனும் இதே இடத்தில்தான் தடுமாறியிருக்கிறான் என்று தெரியும்போது வரும் நிம்மதியும் ஒரு பாடம்தான்.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் என்னை வகுப்புக்குக் கூட்டிப்போன வழிகாட்டி ஆசிரியை "பி.எட். ட்ரெய்னி வந்திருக்கார்" என்று சொல்லவில்லை. "சார் இந்த வருஷம் நம்ம கூட உங்களுக்குக் கணக்கு எடுக்கப் போறாங்க" என்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல வாரங்கள் காப்பாற்றியது.

மாலையில் நடக்கும் அரை மணி நேரம்

1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகனும் அவர் சகாக்களும் பயிற்சி ஆசிரியர்களை எப்படி வழிநடத்துவது என்று யோசித்தபோது ஒரு சுழற்சியை வகுத்தார்கள். வகுப்புக்கு முன் ஒரு பேச்சு, வகுப்பில் உற்றுநோக்கல், பார்த்ததை அலசுதல், வகுப்புக்குப் பின் ஒரு பேச்சு. இன்றைக்கும் பல இடங்களில் இதன் ஏதோ ஒரு வடிவம்தான் பின்பற்றப்படுகிறது.

முன்பேச்சில் கேட்க வேண்டியது, "இன்னைக்கு நான் எதைப் பார்க்கட்டும்?" என்பது. இந்தக் கேள்வியைப் பயிற்சி ஆசிரியரிடம் விடுவது முக்கியம். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் முடிவில் பதினைந்து குறைகள் கொண்ட ஒரு பட்டியல்தான் வரும், அதை வைத்து யாரும் எதையும் மாற்ற முடியாது. நான் அன்று "நான் கேட்கிற கேள்விகளைப் பாருங்க மேடம்" என்று சொல்லியிருந்தேன். அதனால்தான் அந்தத் தாளில் கேள்விகளும் விநாடிகளும் இருந்தன.

மாலையில் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "படிச்சுப் பாருங்க சார், உங்களுக்கு என்ன தெரியுது?" என்றார். நான் இரண்டு முறை படித்தேன். "நான் காத்திருக்கவே இல்லை மேடம்" என்றேன். அவர் தலையசைத்தார். அன்று பேராசிரியரும் வந்திருந்தார். மேரி பட் ரோ என்ற ஆய்வாளரைப் பற்றி அவர் சொன்னார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று ரோ 1970களில் காட்டியிருந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, இதுவரை பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். இதை நான் விரிவுரையில் கேட்டிருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். என் கையெழுத்துபோல என்னுடையதாகவே இருந்த அந்த ஒரு விநாடியோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பிறகு வழிகாட்டி ஆசிரியை 25 என்று எழுதிய பெண்ணைப் பற்றிப் பேசினார். "நாளைக்கு அவளைத் திருத்த வேண்டாம். ரெண்டு பதிலையும் போர்டுல எழுதுங்க. 49, 25. எது சரின்னு அவங்களையே வாதாட விடுங்க" என்றார். மறுநாள் ஏழுக்கு ஏழு சதுரம் ஒன்றைக் கட்டம் போட்டு வரைந்து, அதற்குள் மூன்றுக்கு மூன்றும் நான்குக்கு நான்குமான இரண்டு சதுரங்களை வெட்டி எடுத்தால் என்ன மீதி என்று கேட்டோம். மூன்றுக்கு நான்கு அளவில் இரண்டு செவ்வகங்கள் மீந்தன, மொத்தம் 24 கட்டம். ஜன்னல் ஓரத்துப் பெண்தான் முதலில், "25ஓட இந்த 24ஐச் சேர்த்தா 49 சார்" என்றாள். நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு விநாடி ஆகியிருந்தது.

நான் தனியாக இருந்திருந்தால் அவளைத் திருத்திவிட்டு நகர்ந்திருப்பேன். வழிகாட்டி மட்டும் இருந்திருந்தால் சதுரம் கிடைத்திருக்கும், ஆய்வு கிடைத்திருக்காது. பேராசிரியர் மட்டும் இருந்திருந்தால் மூன்று விநாடி கிடைத்திருக்கும், அந்தப் பெண் கிடைத்திருக்க மாட்டாள்.

பிள்ளைகள் நிலை என்ன?

பெற்றோர் கேட்கிற கேள்வி இது. என் பிள்ளையை வைத்து யாரோ பழகிக்கொள்கிறார்களா? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஏற்பாட்டின் தரத்தில் இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர் வகுப்பைப் பயிற்சி ஆசிரியரிடம் விட்டுவிட்டு ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்தினால் பிள்ளைகளுக்கு நஷ்டம்தான். இருவரும் சேர்ந்து எடுத்தால் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் விளக்கும்போது மற்றவர் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். பாதிப் பேருக்கு ஒரு வேகத்திலும் மீதிப் பேருக்கு வேறு வேகத்திலும் சொல்லித்தரலாம். எது எப்படி இருந்தாலும், வகுப்பின் கடைசிப் பொறுப்பு வழிகாட்டி ஆசிரியருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிக்கும் பலன் உண்டு. தன் வேலையை இன்னொருவருக்கு விளக்க வேண்டியிருக்கும்போது அனுபவசாலியும் அதைப் புதிதாகப் பார்க்கிறார். நான் பின்னாளில் வழிகாட்டியானபோது, ஒரு பயிற்சி ஆசிரியை "ஏன் சார் எப்பவும் இடது பக்கம் மட்டும் கேள்வி கேக்குறீங்க?" என்று கேட்டார். எத்தனை வருடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேனோ. பல்கலைக்கழகத்துக்கும் அப்படித்தான். வகுப்பறையில் எடுபடாத ஒரு பாடப்பகுதியை வருடா வருடம் சொல்லிக்கொண்டிருப்பது, பள்ளியிலிருந்து யாராவது வந்து சொல்லும்வரை தெரியாது.

எங்கே சறுக்கும்?

நேரத்தில்தான் முதலில் சறுக்கும். வழிகாட்டி ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறைக்காமல் இந்தப் பொறுப்பை மட்டும் ஏற்றினால், மாலை அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகும், பிறகு நடைபாதையில் "நல்லா பண்றீங்க" என்ற ஒரு வார்த்தையாகும். அவருக்கு எந்தப் பயிற்சியும் தராமல் விடுவது அடுத்தது. நன்றாகக் கற்பிப்பவருக்கெல்லாம் பெரியவர் ஒருவருக்குக் கருத்துச் சொல்லத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

இன்னொன்று மனதைப் புண்படுத்துவது. "காலேஜ்ல சொன்னதெல்லாம் மறந்துடுங்க, இங்க நடக்கிறது வேற" என்று பள்ளியில் சொல்வதும், "பள்ளியில பழைய முறையிலதான் எடுப்பாங்க" என்று பல்கலைக்கழகத்தில் சொல்வதும். நடுவில் நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் யாரை நம்புவார்? இரண்டு பேருக்கும் பிடித்தமாதிரி இரண்டு விதமாக நடிக்கக் கற்றுக்கொள்வார். பேராசிரியர் வரும் நாளில் மட்டும் சார்ட்டும் மாதிரிகளும் வெளியே வரும்.

உங்கள் பள்ளி இப்படி ஓர் ஏற்பாட்டில் சேரப்போகிறது என்றால், கையெழுத்துக்கு முன் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். வழிகாட்டிக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை விடுவிக்கப்படும்? ஒருவரிடம் எத்தனை பயிற்சி ஆசிரியர்கள்? பேராசிரியர் எத்தனை முறை வருவார், வந்தால் மூவரும் சேர்ந்து உட்கார நேரம் இருக்குமா? மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு என்ன? அடுத்த ஆண்டும் இதே பேராசிரியர்தானா? ஒருவரையொருவர் நம்பவே ஓர் ஆண்டு ஆகும் என்பதால் இந்தக் கேள்வி அவசியம். கடைசியாக ஒன்று: ஐந்தாவது வாரத்தில் ஒரு பயிற்சி ஆசிரியர் தடுமாறுகிறார், வகுப்பு கையை மீறிப் போகிறது, அவர் அழுதுகொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று மதியம் யார் யாருக்கு போன் செய்வார்கள்? இதற்குப் பள்ளியும் பல்கலைக்கழகமும் தயங்காமல் ஒரே பெயரைச் சொன்னால், கையெழுத்துப் போடலாம்.